நிஞ்ஜா கைடனின் நிழலில் நின்ற நிஞ்ஜாக்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 8, 2025

8 பிட் காலத்து நிஞ்ஜா விளையாட்டு என்றால் நிஞ்ஜா கைடன் மூன்று பாகமும் ஷினோபியும்தான். மிச்சமெல்லாம் அவற்றைப் பார்த்துச் செய்த நகல் என்பது என் எண்ணம். இன்றைக்கு உட்கார்ந்து ஆடும்படி வேறு ஒன்றாவது இருக்கிறதா?

பிப்ரவரி 8, இரவு

இருக்கிறது, ஏழெட்டாவது இருக்கிறது. முதலில் அந்த "நகல்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நிஞ்ஜா கைடன் ஜப்பானில் வந்தது 1988 டிசம்பரில். டைட்டோ நிறுவனத்தின் லெஜண்ட் ஆஃப் காகே 1985இலேயே ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்தில், வந்துவிட்டது, அடுத்த வருடமே நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுப் பெட்டியான ஃபேமிகாமுக்கும் வந்தது. யூபிஎல் நிறுவனம் செய்த நிஞ்ஜா-குன் அதற்கும் ஒரு வருடம் முன்னால். அண்ணன் தம்பியைப் பார்த்து நகலெடுத்தான் என்று சொல்வது போல இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால் நட்சுமே நிறுவனம் 1990இல் செய்த விளையாட்டைச் சொல்வேன். ஜப்பானில் "யாமி நோ ஷிகோதோனின் காகே", 1991இல் அமெரிக்காவுக்குப் போனபோது "ஷேடோ ஆஃப் த நிஞ்ஜா", ஐரோப்பாவில் "ப்ளூ ஷேடோ". அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நிஞ்ஜா என்ற சொல்லைத் தலைப்பில் வைக்கத் தயங்கினார்கள், நிஞ்ஜா கைடனே அங்கே "ஷேடோ வாரியர்ஸ்" ஆனது இப்படித்தான். ஒரு விளையாட்டுக்கு மூன்று பெயர் இருந்தால் யாருக்கு எது ஞாபகம் இருக்கும்? மறக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கதை 2029இல் நடக்கிறது. அமெரிக்காவைக் கைப்பற்றிய சர்வாதிகாரியின் பெயர் கருடா. அவனைக் கொல்ல ஹயாத்தே, கயேதே என்று இரண்டு நிஞ்ஜாக்கள் போகிறார்கள். கதை அவ்வளவுதான். அதற்காக யாரும் இதை ஆட வேண்டாம்.

பிப்ரவரி 9

எதற்காக ஆட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தொங்குவதற்காக.

மேலே ஒரு தளம் இருக்கிறது. குதித்தால் எட்டாது. நிஞ்ஜாவின் கை மட்டும் அதன் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, உடம்பு கீழே தொங்குகிறது. அப்படியே கையை மாற்றி மாற்றி வலது பக்கம் போகலாம், இடது பக்கம் போகலாம், தொங்கியபடியே வெட்டலாம், ஒரு சுற்றுச் சுற்றித் தளத்தின் மேலே ஏறி நிற்கலாம். எழுதும்போது சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் கையில் ஆடும்போது திரை முழுவதும் ஆடுகளமாகிவிடும். தரையில் மட்டும் நடக்கிற மற்ற விளையாட்டுகளில் கூரை என்பது வெறும் படம். இதில் கூரையும் வழிதான். எதிரி வரும் சத்தம் கேட்டால் மேலே போய் ஒட்டிக்கொண்டு, அவன் கீழே கடந்து போகும்போது இறங்கி வெட்டலாம். நிஞ்ஜா என்றால் இதுதானே செய்வான்!

நிஞ்ஜா கைடனில் நாயகன் ரியூ சுவரில் ஒட்டிக்கொள்வான், எதிர்ச் சுவருக்குப் பாய்வான். இந்தச் சுவர்ப் பாய்ச்சலைக் கொண்டுவந்த பெருமை நிஞ்ஜா கைடனுக்கு உரியது, அதை மறுக்கவில்லை. தொங்கும் வித்தை மூன்றாம் பாகத்தில்தான் ரியூவுக்கு வந்தது. அது 1991. நட்சுமேயின் ஆட்கள் அதற்கு முந்தின வருடமே தொங்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஒரே நேரத்தில். நிஞ்ஜா கைடன் மூன்றிலும் இது கிடையாது. இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 10

நேற்று தவறாக எழுதிவிட்டேன். சுவர்ப் பாய்ச்சல் நிஞ்ஜா கைடனுக்கு முன்பே இருக்கிறது. யூபிஎல்லின் இரண்டாவது நிஞ்ஜா-குன், "அஷூரா நோ ஷோ", 1987இல் ஆர்கேடில் வந்தது. அதில் சுவரை உதைத்து எதிர்ப்பக்கம் ஏறுகிற முக்கோணத் தாவல் இருக்கிறது. சின்ன உருவம், பெரிய தலை, பார்த்தால் குழந்தைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். அதனால்தான் யாரும் அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்காமல் விட்டேன்.

பிப்ரவரி 12

எங்கே ஆடினாய் என்று கேட்கிறார்கள். விருதுநகரில். ஃபேமிகாம் என்ற பெயரே எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு அது "டிவி கேம்". தைவான், சீனப் பக்கமிருந்து வந்த ஃபேமிகாம் நகல் பெட்டி, மஞ்சள் கேசட். ஜப்பானில் விற்ற கேசட்டைப் போலவே 60 பின் கொண்டது. அமெரிக்கப் பெட்டிக்கு 72 பின். அதனால் எங்கள் கைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் ஜப்பானியப் பதிப்புகள்தான், திரையில் ஓடும் எழுத்து ஒன்றும் புரியாது.

முழுப் பரீட்சை லீவில் கேசட் மாற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. பழைய கேசட்டைக் கொடுத்து மேலே பத்து ரூபாய் வைத்தால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். அப்படி வந்ததுதான் நட்சுமேயின் காகே. மேலே ஒட்டியிருந்த படத்தில் வேறு ஏதோ கார் பந்தயம். கார் பந்தயம் என்று நினைத்துத்தான் அக்கா எடுத்தாள். வீட்டுக்கு வந்து போட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வருகிறது. ஊதிப் பார்த்தோம். அப்புறம் நான் கேசட்டின் பின்பக்கம் இருந்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே பச்சைப் பலகை கேசட்டின் பாதி உயரம்கூட இல்லை, மேலே கறுப்பாக உருண்டையாகக் கொட்டி உறைந்த பசை இரண்டு, சிப் எல்லாம் அதற்குள். பித்தளை நிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. பென்சில் ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன், ரப்பர்த் தூளை அக்கா பழைய டூத் பிரஷ்ஷால் தட்டினாள். திரும்பப் போட்டதும் மழை வந்தது. ஆமாம், முதல் ஸ்டேஜே மழையில்தான் தொடங்கும். கார் ஒன்றும் வரவில்லை என்று அக்கா ஐந்து நிமிடம் கோபமாக இருந்தாள். அந்த லீவு முடிகிறவரை அந்தக் கேசட்டை நாங்கள் மாற்றவே இல்லை.

(கேசட்டை ஊதாதீர்கள். ஊதினால் எச்சில் ஈரம்தான் பற்களில் போய்ப் படியும். கழற்றி மாட்டுவதால்தான் வேலை செய்கிறது.)

பிப்ரவரி 13

நேற்று எழுதிய கையோடு எமுலேட்டரில், பழைய பெட்டியைப் போல நடிக்கும் கணினி நிரலில், போட்டு ஆடினேன். மூன்றாவது ஸ்டேஜைத் தாண்ட முடியவில்லை. பத்து வயதில் தாண்டியது! வயதாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் காது ஒன்றைப் பிடித்தது: பாட்டு வேகமாக ஓடுகிறது.

நம் ஊர் டிவி பால் (PAL) என்ற முறை, நொடிக்கு 50 படம். ஜப்பான் டிவி என்டிஎஸ்சி (NTSC) முறை, நொடிக்கு 60. இந்த விளையாட்டுகள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி என்ற கணக்கில் நகர்கின்றன. எதிரியின் நடை, குதிக்கும் நேரம், பாட்டின் தாளம் எல்லாமே அந்தக் கணக்குதான். எங்கள் பெட்டி 50இல் ஓடியது. ஆக, ஜப்பான் பையன் ஒரு நிமிடத்தில் ஆடியதை நாங்கள் 72 நொடியில் ஆடினோம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் பன்னிரண்டு நொடி அதிகம். பறந்து வரும் ஷுரிகெனை, அந்த எறி நட்சத்திரக் கத்தியை, பார்த்து, யோசித்து, குதிக்க அது எவ்வளவு பெரிய உதவி!

இதனால் என் தீர்ப்பையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. காகே கடினமானது, ஆனால் நியாயமானது என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிஞ்ஜா கைடனை நான் ஆடியது எல்லாம் எமுலேட்டரில், 60இல், பெரியவனான பிறகு. ஒன்றை மெதுவாகவும் இன்னொன்றை முழு வேகத்திலும் ஆடிவிட்டு இரண்டையும் ஒரே தராசில் வைத்திருக்கிறேன். அது சரியில்லை.

பிப்ரவரி 14

ஒரு வாரம் 60இலேயே ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லத்தான் வந்தேன். நடுவில் லெஜண்ட் ஆஃப் காகே பற்றிக் கேட்டவருக்கு: இல்லை, அது வேறு, இது வேறு. ஜப்பானிய மொழியில் காகே என்றால் நிழல். அதனால் இரண்டு விளையாட்டிலும் அந்தப் பெயர்.

டைட்டோவின் காகேயைப் பலர் திட்டுவார்கள், எனக்கு அது மிகவும் பிடிக்கும். காரணம் ஒரே ஒரு குதி. மேல்பக்கம் அழுத்தினால் காகே மரத்தின் உச்சிக்கே போவான். தரை திரையை விட்டு மறையும், கிளைகளுக்கு நடுவே எதிரி நிஞ்ஜாவும் எதிரே பறந்து வருவான், இரண்டு பேரும் காற்றிலேயே ஒரு நொடி சந்தித்து, கத்தியால் ஷுரிகெனைத் தட்டிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் இறங்குவார்கள். தரையில் நெருப்பைக் கக்கும் சாமியார்கள் வேறு. காடு, அகழி, கோட்டை மதில், கோட்டையின் உள்ளே, அவ்வளவுதான் இடம். கிரி என்ற இளவரசியை மீட்டால், உடனே திரும்பவும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பருவம் மாறும், காட்டின் நிறம் மாறும், மறுபடியும் முதலிலிருந்து. முடிவே இல்லாத மாதிரி இருக்கும். குறை என்றால், குதித்தபின் எங்கே இறங்குகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. அதை மன்னித்துவிடலாம். 1985இல் அந்த உயரத்தை யார் யோசித்தார்கள்?

இந்தத் தாவலை டைட்டோ விடவில்லை. 1988இல் "ஃபுதோ மியோஓதென்" என்று இன்னொன்று செய்தார்கள், அமெரிக்காவில் "டீமன் சோர்ட்". அதிலும் மர உச்சி வரை பாயலாம். ஆடிப் பாருங்கள்.

பிப்ரவரி 16

அக்காவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். இரண்டு திருத்தம் சொன்னாள்.

ஒன்று, பற்களைத் தேய்த்தது அவள், தூளைத் தட்டியது நான். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. ஸ்க்ரூ டிரைவரைத் தொட எனக்கு அப்போது அனுமதி கிடையாது. மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், இதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். நாங்கள் இரண்டு பேரும் தரையில் வரிசையாக நின்று சண்டை போட்டால் உருவங்கள் மினுக்கும். எதிரியின் கால் மறையும், கத்தி மறையும், அடிபட்ட பிறகுதான் யார் அடித்தது என்றே தெரியும். "அதனாலதான் நான் எப்பவும் மேல தொங்குவேன், நீ கீழ போ, அப்படின்னு சொல்லுவேன். ஞாபகம் இல்லையா?" என்றாள். எனக்கு அவள் மேலே தொங்கியது ஞாபகம் இருக்கிறது. பயத்தில் தொங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு எனக்கு இப்போது தெரியும், அவளுக்கு அப்போதே கண்ணால் தெரிந்திருக்கிறது. ஃபேமிகாமால் திரையின் ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளைத்தான் காட்ட முடியும். ஒவ்வொரு துண்டும் எட்டுப் புள்ளி அகலம். ஒரு நிஞ்ஜாவுக்குக் குறைந்தது இரண்டு துண்டு வேண்டும், வாளை வீசினால் இன்னும் கூடும். நாங்கள் இரண்டு பேர் ஒரே வரிசையில் நின்றாலே நான்கு போய்விடும். இரண்டு எதிரி வந்தால் எட்டும் தீர்ந்தது. அதற்கு மேல் ஒரு ஷுரிகென் பறந்தாலும் ஏதாவது ஒன்று மறைந்தாக வேண்டும். ஒவ்வொரு படத்திலும் மறைகிற ஆளை விளையாட்டு மாற்றிக்கொண்டே இருக்கும், அதுதான் அந்த மினுக்கல். ஒருத்தர் மேலே தொங்கினால் அவர் வேறு கோட்டுக்குப் போய்விடுகிறார், கீழே இருப்பவருக்கு இடம் கிடைக்கிறது. பன்னிரண்டு வயதில் அவள் பெட்டியின் வரம்பைக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்றபடி ஆடியிருக்கிறாள்.

பிப்ரவரி 17

இதையும் அவளிடம் சொன்னேன்: நீ ஆடியது கயேதே, அது பெண். அவளுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது, ஜப்பானிய எழுத்தை யார் படித்தார்கள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முதல்லயே தெரிஞ்சிருந்தா முதல் கண்ட்ரோலரை உன்கிட்ட குடுத்திருக்க மாட்டேன்" என்றாள்.

பெண் நிஞ்ஜா என்றதும் சேகா நிறுவனம் ஞாபகம் வருகிறது. 1985இல் ஆர்கேடில் "நிஞ்ஜா பிரின்சஸ்" என்று ஒன்று செய்தார்கள், நாயகி குருமி இளவரசி, கத்தியை எறிந்துகொண்டே தன் கோட்டையைத் தானே மீட்கப் போவாள். சேகாவின் வீட்டுப் பெட்டியான எஸ்ஜி-1000க்கு வந்தபோதும் அவள்தான். 1986இல் அவர்களுடைய அடுத்த பெட்டியான மாஸ்டர் சிஸ்டத்துக்குக் கொண்டுவரும்போது "த நிஞ்ஜா" என்று பெயரை மாற்றி, கஸமாரு என்ற ஆணைப் போட்டு, குருமியை மீட்கப்பட வேண்டியவளாக ஆக்கிவிட்டார்கள். விளையாட்டு நன்றாகவே இருக்கிறது, இன்றைக்கும் ஆடுவேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கடைசிக் கதவு திறக்கும்போது எனக்கு அது உறுத்துகிறது.

பிப்ரவரி 20

மற்றவை, சுருக்கமாக.

நிஞ்ஜா காப் சைஸோ, 1989. அமெரிக்காவில் டைட்டோ "ராத் ஆஃப் த பிளாக் மான்டா" என்று வெளியிட்டது. குழந்தைகளைக் கடத்தும் கும்பலைத் துரத்த வேண்டும், வழியில் எதிரி ஒருவனைப் பிடித்துச் சுவரோரம் நிறுத்தி விசாரிக்கலாம். ஆட்டம் கொஞ்சம் மரக்கட்டைதான். விசாரிக்கும் அந்த யோசனைக்காக ஒரு முறை பாருங்கள்.

நிஞ்ஜா குருசேடர்ஸ், 1990. ஆயுதத்துக்கு ஏற்ப நிஞ்ஜா மிருகமாக மாறுவான், புலியாகக்கூட ஓடலாம். இரண்டு பேர் ஆடலாம். ஒரே அடியில் சாவு. புலியாக ஓடும் பத்து நொடி அற்புதம், மிச்சம் முழுக்க எரிச்சல்.

கிட் நிக்கி, ஐரெம். சுழற்றும் வாள். சிரித்துக்கொண்டே ஆடலாம்.

நிஞ்ஜா கிட், பான்டாய், 1986. ஜப்பானில் இது நிஞ்ஜா விளையாட்டே இல்லை. கெகெகெ நோ கிதாரோ என்ற பேய்க்கதைச் சிறுவனின் விளையாட்டு. அவனை அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது என்று உருவத்தை மட்டும் நிஞ்ஜாவாக மாற்றி அனுப்பினார்கள். பட்டியலில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. சேர்த்துவிட்டேன்.

பிப்ரவரி 21

கார்ட்டூன் நிஞ்ஜாப் பையன் ஹத்தோரியை எப்படி விட்டாய் என்று ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். நியாயம்தான். ஹட்சன் நிறுவனம் 1986இல் ஃபேமிகாமுக்கு நிஞ்ஜா ஹத்தோரி-குன் செய்தது. ஸ்டேஜ் முடிந்ததும் ஹத்தோரியின் அப்பா வந்து நின்று மேலேயிருந்து சிக்குவா வீசுவார், மீன் மாவில் குழாய் மாதிரி செய்கிற பண்டம், அந்த நாய் ஷிஷிமாருவுக்கு உயிர். ஓடி ஓடிப் பிடிக்க வேண்டும். நடுநடுவே இரும்பு டம்பெல்லையும் வீசுவார்! பெற்ற பிள்ளை தலையில். அது விழுந்தால் ஹத்தோரி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான், அதற்குள் பண்டமெல்லாம் தரைக்குப் போய்விடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்றைக்கும் போட்டுக் கொடுக்கலாம்.

மார்ச் 1

சொன்னபடி 60இல் ஆடிவிட்டேன், இரண்டு வாரம் ஆனது. நட்சுமேயின் காகே, நிஞ்ஜா கைடன் முதல் பாகம், இரண்டாம் பாகம் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில்.

நிஞ்ஜா கைடன் இரண்டாம் பாகம்தான் மூன்றிலும் சிறந்த ஆட்டம். அதில் ரியூவால் சுவரில் ஏறவும் முடியும், நிழல் உருவங்கள் அவன் பின்னாலேயே வந்து வெட்டும். தனியாக ஆடுகிறவருக்கு நான் காகேயை விட அதைத்தான் முதலில் கொடுப்பேன். கேள்வி கேட்டவரிடம் அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். முதல் பாகத்தில் என் எரிச்சல் குறையவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது பறவை வந்து மோதிப் பின்னால் தள்ளும், திரையை ஒரு அடி பின்வாங்கினால் கொன்ற எதிரி திரும்ப வந்து நிற்பான், கடைசி பாஸிடம் செத்தால் ஆறாவது கட்டத்தின் தொடக்கத்துக்கே கொண்டுபோய் விடும்.

காகே முழு வேகத்தில் நான் நினைத்ததை விடக் கடினம். அதன் இசையமைப்பாளர் இகு மிசுதானியின் பாட்டு மட்டும் முழு வேகத்தில் இன்னும் நன்றாக இருக்கிறது. நான் கேட்டு வளர்ந்தது அதன் தாலாட்டுப் பதிப்பு.

இன்னொரு விஷயம். நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான கேம் பாயில் 1991இல் வந்த "நிஞ்ஜா கைடன் ஷேடோ"வைச் செய்தது நிஞ்ஜா கைடனைச் செய்த டெக்மோ இல்லை, நட்சுமேதான். காகேயைக் கேம் பாய்க்குக் கொண்டுவரத் தொடங்கிய வேலை கடைசியில் நிஞ்ஜா கைடன் பெயரில் வெளிவந்தது. ரியூ அதில் தொங்குவதைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். எது எதன் நகல் என்று தொடங்கிய பேச்சு இது, அதனால் சொல்கிறேன்.

மார்ச் 9

அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். 2024இல் நட்சுமே அட்டாரியின் டெங்கோ குழு இதைப் புதிதாகவே வரைந்து "ஷேடோ ஆஃப் த நிஞ்ஜா ரீபார்ன்" என்று வெளியிட்டிருக்கிறது, அதை வாங்கி வைத்திருந்தேன். மழை அழகாக இருக்கிறது, ஒரு துளிகூட மினுக்கவில்லை. அரை மணி நேரம் ஆடிவிட்டு, "பழசைப் போடு" என்றாள்.

பழசைப் போட்டேன். எமுலேட்டரில் வேகத்தை 50க்கு இறக்கினேன். இந்த முறை முதல் கண்ட்ரோலரை அவளே எடுத்துக்கொண்டு கயேதேயைத் தேர்ந்தெடுத்தாள். முதல் தளம் வந்ததும் மேலே போய்த் தொங்கிவிட்டு, "நீ கீழ போ" என்றாள். நாலாவது ஸ்டேஜ் வரை போனோம்.